மறுபடியும் எழுதலாமா? துணைத் தேர்வு முதல் நீட் ரிப்பீட்டர் வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரிசல்ட் வருகிற மே, ஜூன் மாதங்களில் வீடுவீடாக எழும் கேள்விகள் இவை. பெரும்பாலும் தமிழ்நாட்டு மாணவர்களையும் பெற்றோரையும் மனதில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். மற்ற நாடுகளில் இதே சிக்கல் எப்படிக் கையாளப்பட்டது என்பது நமக்குப் பயன்படும் இடங்களில் அதையும் சேர்த்திருக்கிறேன்.

துணைத் தேர்வு, இம்ப்ரூவ்மென்ட், ரிப்பீட்டர் எல்லாம் ஒன்றுதானே?

ஒன்றில்லை. இந்த வேறுபாடு புரிந்துவிட்டால் மற்ற கேள்விகளில் பாதி தானே தெளிந்துவிடும்.

துணைத் தேர்வு என்பது தேறாத பாடத்தைத் திரும்ப எழுதுவது. 35 மதிப்பெண் என்ற கோட்டை எத்தனை பேர் வேண்டுமானாலும் தாண்டலாம். ஒருவர் தேறியதால் இன்னொருவர் தோற்பதில்லை. இம்ப்ரூவ்மென்ட் என்பது ஏற்கெனவே தேறியவர் மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ள எழுதுவது. ரிப்பீட்டர் என்றால் நீட் (மருத்துவம்), ஜே.இ.இ. (ஐ.ஐ.டி. போன்ற பொறியியல் கல்லூரிகள்) போன்ற தரவரிசைத் தேர்வை அடுத்த ஆண்டும் எழுதுபவர். இந்தப் பின்னிரண்டிலும் இடங்கள் எண்ணி வைக்கப்பட்டவை. ஒருவர் 40 மதிப்பெண் கூடுதலாக வாங்கினால், கட்-ஆஃப் ஓரத்தில் நின்ற யாரோ ஒருவர் கீழே இறங்குகிறார்.

எனவே ‘இரண்டாம் வாய்ப்பு நல்லதா கெட்டதா’ என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடைக்காது. எந்தத் தேர்வு, அதற்கு எவ்வளவு காலம், யார் பணம் என்று கேட்க வேண்டும்.

துணைத் தேர்வில் தேறியவர் என்றால் கல்லூரியில் மதிப்புக் குறைவா?

இல்லவே இல்லை. கல்லூரி கேட்பது தேர்ச்சியையும் மதிப்பெண்ணையும்தான். பொறியியல் சேர்க்கையில் இவர்களுக்கென்றே துணைக் கலந்தாய்வு நடக்கிறது. கலை அறிவியல் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்கிலும் காலியிடங்கள் இருக்கும்.

முன்பெல்லாம் மார்ச்சில் தவறியவர் செப்டம்பர், அக்டோபர் வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் கல்லூரிகள் திறந்து பாடம் பாதி ஓடியிருக்கும். ஒரு பாடத்தில் போனதற்கு ஒரு முழு வருடம் போகும். பல வீடுகளில், குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு, அந்த ஒரு வருடத்தோடு படிப்பே போயிற்று. உடனடித் துணைத் தேர்வு ஜூன், ஜூலைக்கு வந்த பிறகுதான் அந்த இழப்பு குறைந்தது. அனுமதி அன்றும் இருந்தது. தேதியை முன்னே கொண்டுவந்ததுதான் பிள்ளைகளைக் காப்பாற்றியது. பள்ளிக் கல்வியில் செய்யப்பட்ட சின்னச் சின்ன மாற்றங்களில் இதைப் போலப் பயன் தந்தவை குறைவு என்பேன்.

இரண்டாவது முறை எழுதினால் மார்க் ஏன் கூடுகிறது? உண்மையிலேயே படிப்பு கூடுகிறதா?

மூன்று காரணங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று, உண்மையான கற்றல். ஒரு வருடம் கூடுதலாகப் படித்தால் இயற்பியல் முன்னைவிடப் புரியத்தான் செய்யும். இரண்டு, பழக்கம். ஓ.எம்.ஆர். தாள், நேரப் பங்கீடு, எந்தக் கேள்வியை விட்டுவிட்டு நகர்வது என்பதெல்லாம் ஒருமுறை மண்டபத்தில் உட்கார்ந்து எழுந்தவருக்குக் கைவந்துவிடும்.

மூன்றாவதை யாரும் பேசுவதில்லை. அது அன்றைய அதிர்ஷ்டம். நீட்டில் சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 குறையும். ஒரு மாணவி 10 கேள்விகளில் இரண்டு விடைகளுக்கு நடுவே தடுமாறி, ஏதோ ஒன்றை நிரப்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். எட்டு சரியாக விழுந்தால் 30 மதிப்பெண் கிடைக்கும். இரண்டு மட்டும் சரியாக விழுந்தால் பூஜ்யம். அதே மாணவி, அதே அறிவு. ஆனால் 30 மதிப்பெண் வித்தியாசம். தரவரிசையில் அது பல ஆயிரம் பேரைத் தாண்டுகிற தூரம். பலமுறை எழுதி அதில் சிறந்ததை எடுத்துக்கொள்ள முடிந்தவருக்கு இந்த ஏற்ற இறக்கம் சாதகம். ஒரே முறை எழுதுபவர் அன்றைக்கு விழுந்ததை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

இதனால் ரிப்பீட்டர்களின் உழைப்பு பொய் என்று ஆகாது. மதிப்பெண் உயர்வு முழுவதையும் அறிவு உயர்வாக எண்ணக் கூடாது, அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் இம்ப்ரூவ்மென்ட் தேர்வு இருந்ததே, அதை ஏன் எடுத்தார்கள்?

பிளஸ் டூ மதிப்பெண்ணும் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணும் சேர்த்து மருத்துவ, பொறியியல் இடங்கள் நிரப்பப்பட்ட காலத்தில், பிளஸ் டூவில் தேறியவர்கள் அடுத்த ஆண்டு மீண்டும் எழுதி கட்-ஆஃபை உயர்த்திக்கொள்ள முடிந்தது. ஒரு வருடம் வீட்டில் இருக்கவும், அதற்கான டியூஷனுக்குப் பணம் கட்டவும் முடிந்த குடும்பங்களுக்கே அது பெரும்பாலும் பயன்பட்டது. கிராமத்துப் பள்ளியில் முதல் முறை எழுதிவந்த பிள்ளை, இரண்டாம் முறை எழுதும் நகரத்துப் பிள்ளையோடு அரைப் புள்ளிக்குப் போட்டி போட வேண்டியிருந்தது.

2005 ஜூனில் தமிழ்நாடு அரசு நுழைவுத் தேர்வையும் இம்ப்ரூவ்மென்ட் மதிப்பெண்ணையும் ஒரே ஆணையில் நீக்க முயன்றது. வழக்குகள், அதன்பின் சட்டங்கள் என்று அது நீண்டது. மு. அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் அறிக்கைக்குப் பிறகு வந்த சட்டத்துக்கு 2007இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது. அன்றுமுதல் பிளஸ் டூ மதிப்பெண் மட்டுமே அடிப்படை; மருத்துவத்தில் மட்டும் 2017இல் நீட் வந்து அது மாறியது.

பொறியியலில் இன்றும் அதுதான் நடக்கிறது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக மொத்தம் 200. அதனால் அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிகளில் சேர்வதற்காக ஒரு வருடத்தைத் தள்ளிப்போடும் பிள்ளையை நாம் பார்ப்பதில்லை. அதே தெருவில் மருத்துவத்துக்காக மூன்றாம் வருடம் உட்கார்ந்திருக்கும் பிள்ளை இருக்கிறது. இரண்டு பேரும் ஒரே பள்ளியில் படித்திருக்கலாம். விதி வேறு, அதனால் வாழ்க்கையும் வேறாகிவிட்டது.

ஒற்றை வாய்ப்பிலும் கொடுமை உண்டு என்பதை மறைக்கக் கூடாது. மார்ச் மாதம் அம்மை போட்டுப் படுத்த பிள்ளைக்கும், தேர்வுக்கு முதல் நாள் தந்தையை இழந்த பிள்ளைக்கும் அந்த முறையில் மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ள மறு வாய்ப்பு கிடையாது.

நீட்டில் ரிப்பீட்டர்கள் எவ்வளவு பேர்?

நீட்டின் விளைவுகளை ஆராய 2021 ஜூனில் தமிழ்நாடு அரசு அமைத்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு இதற்குக் கணக்குக் கொடுத்தது. 2016-17இல், அதாவது மாநில இடங்களுக்கு நீட் வருவதற்கு முந்தைய ஆண்டில், எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் முந்தைய ஆண்டுகளிலேயே பிளஸ் டூ முடித்தவர்கள் 12.47 சதவீதம். 2020-21இல் அது 71.42 சதவீதம். நான்கே ஆண்டுகளில் மருத்துவக் கல்லூரி வகுப்பறை தலைகீழாக மாறிவிட்டது. பத்துப் பேரில் ஏழு பேர் குறைந்தது ஒரு வருடத்தைத் தேர்வுக்காக மட்டும் செலவழித்தவர்கள்.

அந்த ஒரு வருடம் இலவசமாக வருவதில்லை. நாமக்கல், ராசிபுரம் பக்கம் விடுதியோடு நடக்கும் ரிப்பீட்டர் வகுப்புகளில் கட்டணம் லட்சத்தைத் தாண்டும். கட்டணத்தைக்கூட எங்காவது புரட்டிவிடலாம். 18 வயதுப் பிள்ளை சம்பாதித்துக் கொடுக்கும் பணத்தை நம்பியிருக்கும் வீட்டில் அந்தப் பன்னிரண்டு மாதத்தை எங்கிருந்து புரட்டுவது? அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இந்தக் காயத்துக்குக் கொஞ்சம் மருந்து போட்டது. அது இல்லையென்றால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும்.

ரிப்பீட்டர்களால் முதல் முறை எழுதுபவர்களுக்கு உண்மையிலேயே பாதிப்பா, அல்லது இது வெறும் புலம்பலா?

பாதிப்பு இருக்கிறது. இதை நன்றாக ஆராய்ந்த நாடு துருக்கி. அங்கே பல்கலைக்கழக நுழைவுத் தேர்வை இரண்டு, மூன்று முறை எழுதுவது மிகச் சாதாரணம். காலா கிருஷ்ணா, செர்கெய் லிச்சாகின், வெரோனிகா ஃபிரிசாஞ்சோ என்ற பொருளியல் ஆய்வாளர்கள் துருக்கியின் தேர்வுத் தரவுகளை எடுத்து, மறுதேர்வுக்குக் கட்டுப்பாடு வைத்தால் என்ன ஆகும் என்று கணக்கிட்டார்கள். தனி ஒரு மாணவருக்கு மட்டும் அனுமதி மறுத்தால் அவருக்கு நஷ்டம். எல்லோருக்கும் சேர்த்துக் கட்டுப்படுத்தினால் மொத்தத்தில் எல்லாத் தரப்புக்கும் நன்மை என்று முடிவு வந்தது. காரணம், திரும்ப எழுதுபவர்கள் கூடக்கூட கட்-ஆஃப் ஏறுகிறது. ஏறிய கட்-ஆஃபைத் தொட முடியாதவர்கள் அடுத்த ஆண்டு திரும்ப எழுத வருகிறார்கள். அதனால் மறுபடி கட்-ஆஃப் ஏறுகிறது.

திருவிழாக் கூட்டத்தில் முன்வரிசைக்காரர் எழுந்து நின்றால் பின்னால் இருப்பவர்கள் எல்லோரும் எழுந்து நிற்க வேண்டியிருக்கும். சாமி யாருக்கும் முன்னைவிடக் கூடுதலாகத் தெரியாது, கால் மட்டும் எல்லோருக்கும் வலிக்கும். நீட்டில் நடப்பது அதுதான். எழுந்து நிற்கிற பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. உட்கார்ந்தால் அதற்குத் தெரியாது என்பது நிஜம்.

அப்படியானால் மறுவாய்ப்பை நிறுத்திவிடலாமே? ஏழைப் பிள்ளைகளுக்கு அதுதானே நல்லது?

அவசரப்பட வேண்டாம். அதே துருக்கித் தரவுகளை வைத்து இதே ஆய்வாளர்கள் சிலர் இன்னொரு கேள்வியும் கேட்டார்கள்: திரும்ப எழுதும்போது யார் அதிகம் கற்கிறார்கள்? வசதி குறைந்த பின்னணியிலிருந்து வந்தவர்களின் முன்னேற்றம்தான் கூடுதலாக இருந்தது. பள்ளி தராததை அந்தக் கூடுதல் ஆண்டு தந்தது. வசதியான பிள்ளை முதல் முறையே தன் உச்சத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. வசதியில்லாத பிள்ளைக்கு இன்னும் ஏற இடமிருக்கிறது.

அமெரிக்காவில் கல்லூரிச் சேர்க்கைக்கு எழுதும் எஸ்.ஏ.டி. தேர்விலும் இதே கதை. ஜோஷுவா குட்மன், ஒடெட் குரான்ட்ஸ், ஜொனாதன் ஸ்மித் ஆகியோர் 2020இல் வெளியிட்ட ஆய்வில், ஒருமுறை திரும்ப எழுதினால் 2400க்குச் சுமார் 90 புள்ளிகள் கூடுவதாகவும், முதலில் குறைவாக எடுத்தவர்களுக்கு உயர்வு இன்னும் அதிகம் என்றும் கண்டார்கள். நான்காண்டுப் பட்டப்படிப்பில் சேரும் வாய்ப்பும் கூடியது. ஆனால் குறைந்த வருமானக் குடும்பங்களின் பிள்ளைகள் திரும்ப எழுதுவதே குறைவு. அந்த வித்தியாசத்தை மட்டும் சரிசெய்தால் பட்டப்படிப்பில் சேர்வதில் ஏழை, பணக்காரர் இடைவெளியில் 10 சதவீதம் வரை குறையலாம் என்பது அவர்கள் கணிப்பு.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குப் படுவது இது. மறுவாய்ப்பால் அதிகம் பயனடையக்கூடிய பிள்ளைதான் அதை வாங்க வழியில்லாமல் நிற்கிறது. கதவைச் சாத்தினால் அந்தப் பிள்ளைக்கும் சேர்த்துச் சாத்துகிறோம். இப்போது இருப்பதுபோல் விட்டால் பணம் இருப்பவர் மட்டும் உள்ளே போகிறார். அந்த ஒரு வருடத்தின் செலவைப் பொதுப் பணத்தில் ஏற்றுக்கொள்வதே நியாயமான வழி.

எத்தனை முறை எழுதலாம் என்று எல்லை வைத்த இடங்கள் உண்டா?

உண்டு. இலங்கையில் க.பொ.த. உயர்தரப் பரீட்சையை (நம் பிளஸ் டூ போன்றது) மூன்று தடவைக்குள் எழுதியவர்களே அரச பல்கலைக்கழக அனுமதிக்குத் தகுதி பெறுகிறார்கள். அங்கே இசட் புள்ளியும் (பாடங்களின் கடினத்தை ஈடுசெய்து சீராக்கிய மதிப்பெண்) மாவட்ட ஒதுக்கீடும் உண்டு. 40 சதவீத இடங்கள் திறமை அடிப்படையில், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையில், 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. எனவே கிளிநொச்சியில் முதல் தடவை எழுதும் பிள்ளை கொழும்பில் மூன்றாம் தடவை எழுதுபவரோடு எல்லா இடங்களுக்கும் மோத வேண்டியதில்லை. இது பெரிய பாதுகாப்பு. குறையும் உண்டு. வெட்டுப்புள்ளி, அதாவது கட்-ஆஃப், வெளியாகத் தாமதமாகும் ஆண்டுகளில், தனக்கு இடம் கிடைத்ததா என்று தெரியாமலே அடுத்த தடவைக்குப் படிக்கத் தொடங்க வேண்டியிருக்கிறது.

இந்தியாவில் ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. அட்வான்ஸ்டுக்கு அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் இரண்டு முறை என்ற வரம்பு. ஒருமுறை ஐ.ஐ.டி.யில் சேர்ந்தவர் மறுபடி எழுதவும் முடியாது. 2024 நவம்பர் தொடக்கத்தில் இதை மூன்று முறையாக்கினார்கள். இரண்டே வாரத்தில் திரும்பப் பெற்றார்கள். அந்த இடைவெளியில் அறிவிப்பை நம்பிக் கல்லூரிப் படிப்பைக் கைவிட்ட மாணவர்கள் உச்ச நீதிமன்றம்வரை போய், 2025 ஜனவரியில் தங்களுக்கு மட்டும் விலக்குப் பெற்றார்கள். விதி எதுவானாலும் பிள்ளை பிளஸ் ஒன்னில் சேரும்போது தெரிந்திருக்க வேண்டும். நடுவில் மாற்றுவதைவிடப் பெரிய அநியாயம் இல்லை.

நீட்டுக்கு வரம்பே இல்லை. 2022 மார்ச்சில் மேல் வயது வரம்பையும் தேசிய மருத்துவ ஆணையம் நீக்கிவிட்டது.

சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்புக்கு 2026 முதல் இரண்டு தேர்வு என்கிறார்களே?

வரவேற்கலாம். முதல் தேர்வு எல்லோருக்கும் கட்டாயம். மே மாதம் நடக்கும் இரண்டாவது விருப்பப்பட்டால் மட்டும். மூன்று பாடங்கள்வரை மேம்படுத்திக்கொள்ளலாம், எது அதிகமோ அது நிற்கும். வருடம் போகாது, தனிக் கோச்சிங்குக்கு நேரமும் இருக்காது. ஒரு நாள் காய்ச்சலுக்கு இது சரியான மருந்து. ஆசிரியர்களுக்கு விடைத்தாள் வேலை கூடும், அதற்கு ஈடு செய்ய வேண்டும்.

தேறாதவர்களைத் திரும்பத் திரும்ப எழுத வைத்தால் தேறிவிடுவார்கள் அல்லவா?

இங்கிலாந்து இதைச் செய்து பார்த்தது. 16 வயதில் எழுதும் பள்ளித் தேர்வான ஜி.சி.எஸ்.இ.யில் ஆங்கிலம், கணிதம் தேறாதவர்கள் 16 வயதுக்குப் பிறகும் அவற்றைத் தொடர்ந்து படிக்க வேண்டும் என்று 2014இலிருந்து கல்லூரி நிதியோடு பிணைத்தார்கள். கணிதத்தில் திரும்ப எழுதும் பெரிய பிள்ளைகளில் ஐந்தில் ஒருவர்கூடத் தேறாத ஆண்டுகள் உண்டு. அதே பாடம், அதே முறை, கூடவே ஒரு தோல்வியின் பாரம் என்று உட்கார வைத்தால் வேறென்ன நடக்கும்? நம் அரியர் மாணவர்களுக்கும் இது பொருந்தும். துணைத் தேர்வுக்கு விண்ணப்பம் போட வைப்பதோடு பள்ளியின் வேலை முடியாது. எந்தப் பாடத்தில் எந்த இடத்தில் பிடி விட்டது என்று ஒரு ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் நான்கைந்து வாரங்கள் வேண்டும்.

என் மகளுக்கு இந்த வருடம் சீட் கிடைக்கவில்லை. ரிப்பீட் போடலாமா?

முதலில் அவளைக் கேளுங்கள். நீங்கள் ஆசைப்படுவதும் அவள் ஆசைப்படுவதும் ஒன்றா என்று தெரிந்துகொள்ளாமல் பணம் கட்ட வேண்டாம்.

பிறகு கணக்குப் பாருங்கள். அவள் பிரிவில், அவள் ஒதுக்கீட்டில், சென்ற ஆண்டுக் கடைசி ரேங்க் எது, இவள் எங்கே நிற்கிறாள் என்று ரேங்கை வைத்துப் பாருங்கள். மதிப்பெண்ணை வைத்துப் பார்த்தால் ஏமாற்றும், ஏனெனில் வினாத்தாளின் கடினத்தைப் பொறுத்து அது ஆண்டுக்கு ஆண்டு மாறும். தூரம் கொஞ்சம், முதல் முறை முறையான பயிற்சி கிடைக்கவில்லை என்றால் ஒரு வருடம் கொடுக்கலாம். முழுப் பயிற்சி எடுத்தும் தூரம் மிக அதிகம் என்றால், அதே மாதிரி இன்னொரு வருடம் பெரிதாக எதையும் மாற்றுவது அரிது. மூன்றாம் முறை என்று வரும்போது இன்னும் கண்டிப்பாக யோசியுங்கள்.

எதுவானாலும் கால்நடை மருத்துவம், வேளாண்மை, பி.எஸ்சி. நர்சிங், அரசுக் கலைக் கல்லூரி என்று விண்ணப்பங்களைப் போட்டு வையுங்கள். ஜூலையில் மனம் மாறினால் போக ஓர் இடம் இருக்க வேண்டும். ‘நூறு சதவீதம் சீட்’ என்று விளம்பரம் செய்யும் மையத்திடம், சென்ற ஆண்டு மொத்தம் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அதில் எத்தனை பேர் அரசு இடம் பெற்றார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

அந்த ஒரு வருடத்தில் பிள்ளை உடைந்து போகுமோ என்று பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானதுதான். உடன் படித்தவர்கள் கல்லூரிப் படங்களைப் போடும்போது இது மட்டும் அதே புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும். சொந்தக்காரர்கள் கேள்வியிலிருந்து பிள்ளையைக் காப்பது உங்கள் வேலை. தூக்கம் கெடுவது, சாப்பாடு குறைவது, ‘நான் இருந்து என்ன பயன்’ என்ற பேச்சு எதையும் லேசாக எடுக்காதீர்கள். தமிழ்நாட்டில் 104, நாடு முழுவதும் டெலி-மானஸ் என்ற மனநல உதவி எண் 14416 ஆகிய எண்களில் எந்த நேரமும் பேசலாம், தமிழில் பேசலாம். ரிசல்ட் வரும் வாரம் வீட்டில் யாராவது ஒருவர் கூடவே இருங்கள்.

அரசிடம் என்ன கேட்க வேண்டும்?

நீட்டிலிருந்து விலக்குக் கேட்டுத் தமிழ்நாடு சட்டமன்றம் 2021இலும் மறுபடி 2022இலும் நிறைவேற்றிய மசோதாவுக்கு ஒப்புதல் மறுக்கப்பட்டதை 2025 ஏப்ரலில் முதல்வர் அவையில் அறிவித்தார். அந்த அரசியல் போராட்டம் தொடரட்டும். அது முடியும்வரை காத்திராமல் செய்யக்கூடியவை இருக்கின்றன.

மாவட்டத்துக்கு ஒன்றாவது, அரசுப் பள்ளியில் படித்துச் சில மதிப்பெண்ணில் இடம் தவறியவர்களுக்கு விடுதியும் உதவித்தொகையும் கொண்ட ஓராண்டுப் பயிற்சி வேண்டும். உதவித்தொகை என்பதை அழுத்திச் சொல்கிறேன். இலவச வகுப்பு மட்டும் போதாது, வீட்டுக்கு அந்தப் பிள்ளையின் வருமானம் தேவைப்படுகிறது. ஒவ்வோர் ஆண்டும் மருத்துவச் சேர்க்கை முடிந்ததும், முதல் முறை எழுதியவர் எத்தனை பேர், இரண்டாம், மூன்றாம் முறை எத்தனை பேர், பயிற்று மொழி, குடும்ப வருமானம் என்ன என்ற விவரம் வெளிவர வேண்டும். ஒரு குழு அமைத்தால்தான் தெரியும் என்ற நிலை கூடாது.

தேசிய அளவில் ஒரு கோரிக்கையும் வைக்கலாம். துருக்கியில், சென்ற ஆண்டு ஓர் இடத்தைப் பெற்றுவிட்டு இந்த ஆண்டு திரும்ப எழுதுபவருக்குப் பள்ளி மதிப்பெண்ணிலிருந்து வரும் கூடுதல் புள்ளிகளைப் பாதியாகக் குறைக்கிறார்கள். தடை இல்லை, சின்ன ஒரு கழிவு மட்டும். இங்கே அதைச் செய்ய முதலில் பிளஸ் டூ மதிப்பெண்ணுக்குச் சேர்க்கையில் ஒரு பங்கு வேண்டும். இன்று எம்.பி.பி.எஸ். தரவரிசையில் அதற்கு ஒரு புள்ளிகூடக் கிடையாது.